விற்றுவிட்டு நகரும் குடும்பம்

2003-ல் பார்சிப்பனியில் எனக்கு வேலை. பிரான்ஸ் நாட்டுக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தமான பெயிண்ட் கம்பெனியின் அமெரிக்க அலுவலகம் அது. காரைக்காலில் பள்ளியிலேயே பிரெஞ்சு படித்தவள் என்பதால், பாரிஸிலிருந்து வரும் காகிதங்களை ஆங்கிலமாக்குவது என் பொறுப்பு. கணவருக்கு இரண்டு வருடமாக வேலை இல்லை. என் விசாவை நம்பி இருந்ததால் அவர் வேலைக்குப் போகவும் வழியில்லை. மகளுக்கு ஐந்து வயது. மூன்று பேரின் கிரீன் கார்டும் என் கம்பெனி போட்ட விண்ணப்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கோடையில் குடும்ப வரலாற்றைப் புத்தகமாகப் போட முடிவுசெய்து, அதை என்னிடம் அனுப்பினார்கள். முதல் ஆள் மதுப் பீப்பாய் செய்தவர். மகன் பட்டறையை விற்றுக் கண்ணாடிப் பாட்டில் ஆலை வைத்தார். பேரன்மார் ஆலையை விற்றுப் பெயிண்டுக்கு வந்தார்கள். இப்போது பங்காளிகள் பெருகி, ஹோட்டல், இன்ஷூரன்ஸ் என்று பரவியிருந்தார்கள். ரசித்துத்தான் மொழிபெயர்த்தேன். கடைசி அத்தியாயத்தில் கை நின்றுவிட்டது. இலையுதிர் காலத்தோடு குடும்பம் பெயிண்ட் தொழிலிலிருந்து விலகுகிறது என்று எழுதியிருந்தது. என் மேலதிகாரிக்குக்கூட அது தெரியாது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அடுப்பை அணைத்தார்.

“யாருட்டயும் வாயத் தொறக்காத புள்ள. Green card-க்கு Labor clear ஆகுறவரைக்கும் தாங்குமா?”

“இன்னும் நாலு மாசமாவது ஆகும்ங்க.”

“அப்ப வேற எடத்துல apply பண்ணு. நாளைக்கே பண்ணு.”

பண்ணினேன். எங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. பக்கத்து மேஜைக்காரி புது வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டியதாகச் சொல்லிக் கேக் கொடுத்தாள். வாழ்த்துச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

செப்டம்பரில் குடும்பத்தின் இளைய தலைமுறை ஆள் ஒருவர் அலுவலகத்தைப் பார்க்க வந்தார். சுற்றிக் காட்ட என்னை அனுப்பினார்கள். என் பிரெஞ்சைக் கேட்டு மகிழ்ந்து, எந்த ஊர் என்று விசாரித்தார். லிஃப்ட் கதவு மூடியதும் கெஞ்சிவிட்டேன். வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

“என் பெயரை மட்டுமாவது நான்கு மாதம் சம்பளப் பட்டியலில் வைத்திருங்கள். சம்பளம்கூட வேண்டாம்.”

அவர் முகம் சிவந்தது. “அம்மா, குடும்பக் கூட்டத்தில் எனக்கு இருப்பது ஒரே ஓட்டு. என் தாத்தா, தான் பிறந்த வீட்டையும் சேர்த்துத்தான் கண்ணாடி ஆலையை விற்றார். எங்கள் குடும்பம் இப்படித்தான் பிழைத்திருக்கிறது,” என்றார். கதவு திறந்ததும் என் கையைக் குலுக்கினார்.

அக்டோபரில் எல்லோரையும் கான்ஃபரன்ஸ் அறைக்குக் கூப்பிட்டு உறை கொடுத்தார்கள். வாங்கிய கம்பெனிக்குத் தொழிற்சாலை போதும், அலுவலகம் வேண்டாமாம். வேலை போன அன்றே எங்கள் விசாவும் செத்தது. ஐசலின் என்ற ஊரில், கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டிங்காரர் ஒருவர் என் ரெஸ்யூமேயைப் புரட்டிவிட்டு, “French-ஐ வச்சு என்னம்மா பண்றது? Java தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்று பொய் சொன்னேன். இரண்டே கேள்வியில் மாட்டிக்கொண்டேன்.

நவம்பர் கடைசியில் காரை விற்று ஊருக்கு டிக்கெட் எடுத்தோம். நூவர்க் ஏர்போர்ட்டில் மகள், “When are we coming back?” என்று கேட்டாள். அவள் அப்பா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த அவளுடைய ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.