பெல்லமி எழுந்து நிற்காத ஞாயிற்றுக்கிழமை

எங்கள் மார்ல்பிரிட்ஜ் ஊரில் மழை பிடித்துக்கொண்டால் பெண்களுக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு, வாடகை நூலகத்தில் எடுத்த நாவலைக் கணப்பின் முன்னால் உட்கார்ந்து படிப்பதுதான். ஒவ்வொரு நாவலும் மூன்று பாகம். என் அக்கா கிளாரா முதல் பாகம் முடிவதற்குள் கதாநாயகனைக் காதலிக்கத் தொடங்கிவிடுவாள்.

"கனவான்னா உயரமா இருக்கணும்டி" என்பாள். "கறுப்புக் குதிரை வேணும். அதிகம் பேசக் கூடாது. ஜன்னல் ஓரமா நின்னு தூரத்தையே பார்க்கணும்."

"தூரத்துல என்னத்தைப் பார்ப்பான்?"

"அது மூணாவது பாகத்துலதான் தெரியும்."

பள்ளிப் படிப்பு முடிந்து வீட்டில் சும்மா இருக்கிற எனக்கு அப்படிப்பட்ட ஒருவரையாவது நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை நிறைய இருந்தது. பார்த்தேன். ஆனால் அவருக்கு உயரம் இல்லை, கறுப்புக் குதிரையும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் எங்கள் மருந்துக்கடைக்காரர் மத்தயாஸ் பெல்லமி. வயது நாற்பத்து நான்கு. என் காது உயரம்தான் இருப்பார். தன் கடைப் பொடிகளே அவருக்கு ஆகாமல் நாள் முழுக்கத் தும்முவார். அவரிடம் ஒரு பருத்த பழுப்புக் குதிரை உண்டு. அதை முன்பு வைத்திருந்தவர் பெரிய குடிகாரர். அந்தப் பழக்கத்தில் அது ஒவ்வொரு மதுக்கடை வாசலிலும் தானாக நின்றுவிடும். பெல்லமி தொப்பியைக் கழற்றி, வாசலில் நிற்பவர்களிடம் "மன்னிக்கணும், இவளுக்குப் பழைய ஞாபகம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். சாட்டையால் தொட்டதே இல்லை.

அவர் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் ஒரே நீலக் காகிதத்தில், ஒரே அளவுப் பொட்டலமாகத்தான் கட்டித் தருவார். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து வாங்கியவரும் புதினா மிட்டாய் வாங்கியவரும் ஒரே மாதிரி பொட்டலத்தோடு தெருவில் நடப்பார்கள். யாருக்கு என்ன நோய் என்று ஊருக்குத் தெரியாது. இதை அவர் வேண்டுமென்றே செய்கிறார் என்பதே எனக்கு வெகு நாள் தெரியாது. காகிதத்தில் சிக்கனம் பார்க்கிறார் என்று நினைத்திருந்தேன்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நல்ல மழை. சந்தையிலிருந்து மிஸ் ஹானா டார்பி நனைந்துகொண்டே வந்தார். பதினொரு பெண் பிள்ளைகளை வைத்துத் தன் வீட்டு முன்னறையில் பள்ளி நடத்துகிறவர். நானும் அங்கேதான் படித்தேன். வயது முப்பத்தாறு, தனி ஆள், அந்தப் பள்ளியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. பெல்லமி தன் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தபடி வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டார். குடை முழுக்க மிஸ் டார்பிக்கு, மழை முழுக்க பெல்லமிக்கு. வண்டிகள் சேற்றை வாரி அடிக்கும் பக்கமாகத்தான் அவர் நடந்தார்.

மதுக்கடை ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்தவன் ரூபர்ட் ஸ்லேட். பீர் ஆலை முதலாளியின் மகன். உயரமானவன், கறுப்புக் குதிரையும் வைத்திருப்பவன்.

வந்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் வழக்கம்போலத் திருமண அறிவிப்புகளை வாசிக்கும் நேரம். கல்யாணம் செய்ய இருப்பவர்களின் பெயரை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். தடை சொல்ல யாராவது இருந்தால் எழுந்து சொல்லலாம். எங்கள் பாதிரியார் மெர்டனுக்குக் கண் மங்கல், நினைவு அதைவிட மங்கல். அறிவிப்புப் பெட்டியில் யார் பெயர் எழுதிச் சீட்டுப் போட்டாலும் அப்படியே வாசித்துவிடுவார். அன்றைக்கு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தார்:

"இந்த ஊரைச் சேர்ந்த மத்தயாஸ் பெல்லமி, மணமாகாதவர். இந்த ஊரைச் சேர்ந்த ஹானா டார்பி, மணமாகாதவர். இவர்கள் சேரக் கூடாது என்பதற்குக் காரணம் அறிந்தவர்கள் சொல்லலாம். இது முதல் முறை."

பின் பெஞ்சில் யாரோ சிரிப்பை அடக்கமாட்டாமல் இருமினார்கள். எனக்கு முன்வரிசையில் மிஸ் டார்பியின் கழுத்து சிவந்துபோனது. அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அந்தக் கழுத்தைப் பார்த்தே புரிந்துகொண்டேன். எல்லோரும் பெல்லமியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவரும் திடுக்கிட்டுத்தான் போனார். 'இது பொய்' என்று அவர் எழுந்து சொல்லியிருக்கலாம். எழவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து அடுத்த பாட்டைத் தேடினார்.

"பயந்தாங்கொள்ளி" என்று கிளாரா என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

வெளியே வந்தால் பாதை முழுக்க அதே பேச்சு. ரொட்டிக்கடை கிரிம்ஷா அம்மாள் என் அம்மாவைப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த மனுஷன் மூஞ்சியைப் பார்த்தீங்களா? அவருக்கு எதுவுமே தெரியாது. அப்போ சீட்டை யாரு போட்டிருப்பா? வயசு முப்பத்தாறாச்சு, வேற வழியில்ல, மிஸ் டார்பியே போட்டுட்டாங்க."

"சும்மா இருங்க, யாராவது விளையாடியிருப்பாங்க."

"விளையாட்டோ வினையோ, இது தெளியிற வரைக்கும் என் ரெண்டு பொண்ணுங்களையும் அங்க அனுப்பப் போறதில்ல."

பெல்லமி எங்களுக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

திங்கள் காலை அவர் பாதிரியார் வீட்டுக்குப் போய் அந்தச் சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். "போட்டது நான்தான் ஐயா. அந்த அம்மாவைக் கேட்கணும்னு ரொம்ப நாள் ஆசை. அவங்ககிட்ட முதல்ல கேட்டிருக்கணும். கேட்காம அவசரப்பட்டுட்டேன்" என்றார். பாதிரியார் அவரை அரை மணி நேரம் திட்டினார். பாதிரியார் வீட்டுச் சமையல்காரி அதைக் கேட்டுவிட்டாள். மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

மாலையில் ரூபர்ட் மருந்துக்கடைக்கே போனான். அம்மாவுக்கு மருந்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

"பெல்லமி, அது நான் போட்ட சீட்டு. நீங்க எதுக்கு உங்களுதுன்னு சொல்லிட்டுத் திரியறீங்க?"

"உங்க அம்மாவோட இருமல் எப்படி இருக்கு?"

"நான் என்ன கேட்கிறேன், நீங்க என்ன சொல்றீங்க? ஊர்ல யாருமே என்னை நம்ப மாட்டேங்கிறாங்க!"

"பாவம்" என்றார் பெல்லமி, நிஜமான இரக்கத்தோடு. நீலப் பொட்டலம் ஒன்றை அவனிடம் நீட்டினார். "படுக்கப் போறப்ப ரெண்டு கரண்டி. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க."

செவ்வாய்க்கிழமை நான் புத்தகம் திருப்பிக் கொடுக்க மிஸ் டார்பி வீட்டுக்குப் போயிருந்தேன். பதினொரு பிள்ளைகளில் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். அவர்களையும் சீக்கிரமே அனுப்பிவிட்டார். அப்போது கதவு தட்டும் சத்தம். பெல்லமி. வாசலில் நின்றபடி முதலில் கேட்டது இதைத்தான்:

"வீட்ல வேற யாராவது இருக்காங்களா மிஸ்? இல்லன்னா நான் தெருவுலயே நின்னு பேசறேன்."

"இவ இருக்கா. உள்ள வாங்க" என்றார் மிஸ் டார்பி. என்னைப் போக விடவில்லை. பெல்லமி கதவைத் திறந்தே வைத்துவிட்டு, தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டார்.

"ஏன் இப்படிப் பண்ணினீங்க?" என்று மிஸ் டார்பி கேட்டார். "அந்தச் சீட்டு நீங்க போட்டதில்லன்னு எனக்குத் தெரியும்."

"நான் இல்லைன்னு சொன்னா, அப்போ நீங்கதான்னு சொல்லுவாங்க. சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் போய் வாபஸ் வாங்கினாலும் நான் உங்களை வேண்டாம்னு விட்டதாத்தான் ஆகும். அதனால அடுத்த ஞாயிறு திரும்ப வாசிக்கச் சொல்லியிருக்கேன். நீங்க எழுந்து மறுத்துடுங்க. கேட்காமலே பேர் கொடுத்த முட்டாள்னு என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. சிரிச்சா என்ன? எனக்கு இருமல் மருந்து வியாபாரம் குறையாது."

"எனக்காக நீங்க பாதிரியார்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க."

பெல்லமி தும்மினார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அதை மடிக்க வெகு நேரம் எடுத்துக்கொண்டார்.

"மருந்து கசக்காதுன்னு குழந்தைங்ககிட்ட சொல்றதைத் தவிர எனக்குப் பொய் வராது மிஸ். சீட்டு போட்டேன்னு சொன்னது பொய்தான். உங்களைக் கேட்க ஆசைப்பட்டேன்னு சொன்னது பொய் இல்ல. அதை இப்ப சொல்றது நியாயமில்லன்னு தெரியும். நன்றிக்காக யாரும் கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. அதனால நீங்க மறுத்தாத்தான் நான் நிம்மதியாத் தூங்குவேன்."

குனிந்து வணங்கிவிட்டுத் திரும்பியவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டார். மிஸ் டார்பி சிரிக்கவில்லை. நான் மட்டும்தான் கொஞ்சம் சிரித்தேன், பிறகு வெட்கப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு தேவாலயத்தில் நிற்கக்கூட இடமில்லை. வருஷத்தில் இரண்டு தரம் மட்டும் வருகிறவர்களெல்லாம் வந்திருந்தார்கள். ரூபர்ட் தூணில் சாய்ந்து நின்றான். பாதிரியார் பெயர்களை வாசித்து, "இது இரண்டாம் முறை" என்றார்.

மிஸ் டார்பி எழுந்தார்.

"நான் தடுக்கிறேன்."

பெல்லமி தலை குனிந்து, அடியை வாங்கத் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆனால் மிஸ் டார்பி உட்காரவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் அதே தெளிவான குரலில் பேசினார்:

"திரு. பெல்லமி என் வீட்டுக்கு வந்து, மரியாதையா என்னைக் கேட்டார். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல. நான்தான் இன்னும் பதில் சொல்லல. இது அவசரமாச் சொல்ற பதில் இல்ல. நான் யோசிச்சு முடிக்கிறவரைக்கும் எங்க பேரை வாசிக்க வேண்டாம் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க என்ன இருக்கிறது? ஒரு பெண் தன்னைக் கேட்ட ஆணைக் காத்திருக்கச் சொல்கிறாள், அவ்வளவுதான். கிரிம்ஷா அம்மாள் தன் பெண்கள் இருவரையும் பார்த்து, கற்றுக்கொள்ளுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார். திங்கட்கிழமை அந்த இருவரும் பள்ளியில் இருந்தார்கள். புதன்கிழமைக்குள் மற்றவர்களும் வந்துவிட்டார்கள்.

பெல்லமி எழுந்தார். முகம் மிஸ் டார்பியின் கழுத்தைவிடச் சிவப்பாக இருந்தது. "எத்தனை நாள் வேணும்னாலும் எடுத்துக்குங்க மிஸ்" என்றார். பிறகு உட்கார்ந்தார், தன் தொப்பியின் மேலேயே. அது நசுங்கிய சத்தம் பின் பெஞ்சுவரை கேட்டது. அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். அவரும் சேர்ந்து சிரித்தார்.

இது நடந்து ஏழு வாரமாகிறது. பதில் இன்னும் வரவில்லை. பெல்லமி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, மிஸ் டார்பி வீட்டுப் பக்கம் காரணமில்லாமல் போகவும் இல்லை. கிளாரா புதிதாக எடுத்த நாவலை இரண்டாம் பாகத்திலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள். "இவன் ஜன்னல் கிட்ட சும்மா நின்னுக்கிட்டே இருக்கான்டி. யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்கிறாள்.

நேற்றும் செவ்வாய்க்கிழமை, நேற்றும் மழை. சந்தையிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே குடையில் வருவதை எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தோம். பெல்லமி வழக்கம்போலக் குடையை முழுக்க மிஸ் டார்பி பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். பாலத்தருகே மிஸ் டார்பி நின்றார். பெல்லமி கையிலிருந்த குடையைத் தான் வாங்கி, நடுவில் நேராகப் பிடித்துக்கொண்டார். இப்போது மிஸ் டார்பியின் இடது தோளும் பெல்லமியின் வலது தோளும் நனைந்தன. பெல்லமி இரண்டு தரம் தும்மினார். அப்படியே மெதுவாக நடந்து போனார்கள்.