மோர்சிங்குக்கு நான் கொடுத்த மெழுகு

எழுபதுகளின் தொடக்கம். பல்லடத்துக்குப் பக்கத்தில் என் பிறந்த ஊரில் முருகன் கோயில் திருவிழா. சித்திரை வெயில் சாயங்காலம் ஆகியும் அடங்கவில்லை.

அப்போது நானும் என் கணவரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில் வேலை பார்த்தோம். அவர் மெஷின் மெக்கானிக். நான் நூலைக் கோனில் சுற்றும் பிரிவு. காதல் கல்யாணம், சாதியும் வேறு. அப்பா எங்களோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எதிரே வந்தால் தெருவையே மாற்றிக்கொள்கிற பிடிவாதக்காரர். என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

அப்பா தறி நெய்பவர். கோயில் கச்சேரிகளுக்கு மிருதங்கமும் வாசிப்பார். என் கணவருக்கு மோர்சிங் பைத்தியம். பல்லில் வைத்து, நடுவிலிருக்கும் மெல்லிய இரும்பு நாக்கைச் சுண்டி வாசிக்கிற சின்ன வாத்தியம் அது. அந்த வருடம் திருவிழாக் கச்சேரியில் அப்பாவோடு வாசிக்க வேண்டிய கஞ்சிராக்காரருக்கு அம்மை போட்டுவிட்டதால் விழாக் குழுவினர் இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஒரே மேடையில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தையாவது பேசிவிட மாட்டாரா என்று எனக்கு ஆசை.

மோர்சிங் நாக்கின் நுனியில் துளி தேன்மெழுகு ஒட்டினால் சுருதி இறங்கும். பாடகரின் சுருதிக்கு இவருடையது கொஞ்சம் உயரம். வீட்டில் தேன்மெழுகு தீர்ந்துபோயிருந்தது. மெழுகுக்கா பஞ்சம் என்று, கம்பெனியில் நூலுக்கு வழவழப்பு ஏற்றுகிற வெள்ளை மெழுகில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்தவள் நான்தான். விடிகாலையில் ஒட்டிப் பார்த்தார். கச்சிதமாகச் சேர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மேடையிலோ தகரப் பந்தல், தலைக்கு மேல் பெரிய பெரிய பல்புகள், போதாததற்கு இவருடைய மூச்சுச் சூடு. நாலைந்து பாட்டுக்குள் மெழுகு இளகி வழிந்துவிட்டது. மோர்சிங் சுருதி ஏறித் தனியாகக் கத்தியது. பாடகர் இவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் என் புடவைத் தலைப்பைப் பார்த்தேன். இவர் சட்டைப்பையில் வைத்திருந்த மிச்ச மெழுகும் கொழகொழவென்று ஆகியிருந்தது.

அடுத்தது தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் மோர்சிங்கும் மட்டும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். அதில் சொதப்பினால் சொந்த ஊரில் அப்பாவின் மானம் போகும். எங்களுக்கு அந்த வீட்டுக் கதவு ஜென்மத்துக்கும் திறக்காது.

அப்பா குனிந்தார். மிருதங்கத்தின் இடப்பக்கம் கனமாக ஒலிப்பதற்காக ரவையைப் பிசைந்து ஒட்டியிருப்பார்கள். அதில் நகத்தால் ஒரு துளி கிள்ளிக் கையை நீட்டினார்.

"இந்தாங்க மாப்ள, இதெ ஒட்டிப் பாருங்க. நிக்குமுங்க."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊருக்கே கேட்டது. என் அருகில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். இவர் வாங்கி ஒட்டினார், சுண்டினார், கொஞ்சம் கிள்ளிப் போட்டார், மறுபடி சுண்டினார். சேர்ந்துவிட்டது. ரவை சூட்டுக்கு இளகவில்லை. மூச்சின் ஈரம் பட்டுக்கொண்டே இருந்ததால் காய்ந்து உதிரவும் இல்லை. அப்பா ஒன்று வாசிக்க, இவர் அதையே திருப்பிச் சொல்ல, பந்தலே தாளம் போட்டது. நான் பாதியைக் கண்ணீரில்தான் பார்த்தேன்.

கச்சேரி முடிந்ததும் அப்பா நேரே என்னிடம் வந்தார்.

"அந்த மெழுகை ஆரு குடுத்தது?"

"நாந்தானுங்கப்பா."

"அதான பாத்தேன். ரெண்டு பேரும் ஊட்டுக்கு வாங்க கண்ணு, சாப்புட்டுப் போலாம்."

அப்பா மனம் இளக வேண்டும் என்று அந்த இரண்டு வருடத்தில் நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் அதை நடத்திவைத்தது என் அசட்டுத்தனம்தான் என்று நினைத்தால், இன்றும் சிரிப்பு வருகிறது, கூடவே அப்பாவைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது.