முதல் வரிக்கு வெள்ளைப் பெயின்ற்

மீனாம்பிகை புள்ளிகளைச் சொல்லச் சொல்ல, அப்பா கரும்பலகையில் வெள்ளைப் பெயின்றால் எழுதினார். அடியிலிருந்து மேலே வந்தார்.

“இரண்டாமிடம் தியாகலிங்கம், ஆயிரத்து நானூற்றெட்டு.”

தன் பெயரை நிதானமாக எழுதிவிட்டுத் தூரிகையைத் துடைத்தார்.

“முதலாமிடம் மிச்சம், அப்பா.”

“பெயின்ற் முடிஞ்சுது.”

“ரின்னுக்கை கிடக்கே.” அவள் பெயின்ற் டப்பாவைக் காட்டினாள்.

“அது கட்டிபட்டுப்போச்சு. நாளைக்கு அச்சுவேலியிலை புதுசு வாங்கிறன்.”

உடுப்பிட்டிக் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் தியாகலிங்கம் நடத்தியது சாதாரணச் சதுரங்கம் அல்ல, ‘குடுக்கிற செஸ்’. வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆகவேண்டும். தன் காய்களையெல்லாம் முதலில் பறிகொடுப்பவருக்கே வெற்றி. போட்டியும் அவருடையது, கேடயமும் அவருடையது. ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி கூட்டிக் கழிக்கும் முறையை மட்டும் பொறியியல் படிக்கப் போன மகள் மீனாம்பிகை வகுத்துக் கொடுத்தாள். பட்டியலின் தலையில் அவரே இருந்தார், மயிலிட்டியிலிருந்து கனிசியஸ் சைக்கிளில் வந்து இறங்கும்வரை.

கனிசியஸ் கடற்றொழிலாளி. சிரித்துக்கொண்டே ராணியைக் கொடுப்பான். அந்தச் சிரிப்பு அப்பாவுக்குச் சோற்றில் கல். “உவன் யோசிக்கிறதே இல்லைப் பிள்ளை. உவனுக்கு எப்பிடி வருது?” சாப்பிடும்போதும் அதே கதைதான். முதல் வகுப்பில் தேறிய செய்தியை மகள் சொன்ன அன்றும், “கனிசியஸ் இப்ப எத்தினை புள்ளி?” என்றுதான் கேட்டார். அன்றிலிருந்து அவளுக்கும் அவனைக் கண்ணில் காட்டக்கூடாது.

அவன் பக்கத்துக் கத்தோலிக்கர் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால்தான் அவனால் போட்டிக்கு வரமுடிந்தது. எண்பத்து நாலாம் ஆண்டு அப்பா இறுதிப் போட்டியைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினார். வராதவருக்குப் புள்ளி வெட்டு என்றும் அறிவித்தார்.

கனிசியஸ் வலையை மச்சானிடம் விட்டுவிட்டு, இடுப்பில் ஈரச் சாரத்தோடு, போட்டி நடந்த வாசிகசாலைக்குள் நுழைந்தான்.

“என்ன தியாகண்ணை, உங்கடை கலண்டரிலை ஞாயிறைக் கிழிச்சுப்போட்டியளோ?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இருந்து விளையாடு. மீன் மணக்குது.”

“என்ரை காயெல்லாத்தையும் வெட்டிவிடுங்கோ அண்ணை, கெதியாய்ப் போறன்.”

அப்படியே நடந்தது. முடிவில் அப்பாவிடம் ஒரு குதிரை மிஞ்சியது. கனிசியஸிடம் ஒன்றும் இல்லை.

மறுநாள்தான் அந்தப் பலகை வேலை. திங்கள் விடியமுன் அப்பாவுக்கு நெஞ்சு நோ. ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்த கனிசியஸ், விறாந்தையில் சாத்தியிருந்த பலகையை அடியிலிருந்து மேலே வாசித்துக்கொண்டு போனான்.

“மேல்வரி ஏன் தங்கச்சி வெறுமையாய்க் கிடக்கு?”

“பெயின்ற் முடிஞ்சுது,” என்றாள் மீனாம்பிகை.

ரின்னில் கட்டிபடாத பெயின்ற் அரைவாசிக்கு மேல் இருந்தது. அச்சுவேலிக்கு இன்னும் ஒருவரும் போகவில்லை.