கோடு போடாத முக்கோணம்

வேறு எதிலும் இடம் கிடைக்காததால்தான் நான் பி.ஏ. சமூகவியலில் சேர்ந்தேன். அது என்ன படிப்பு என்று எனக்கும் தெரியாது, பழவங்காடியில் கணபதி கோயில் பக்கம் தேங்காய்க் கடை வைத்திருந்த அப்பாவுக்கும் தெரியாது. அதைப் படித்தால் என்ன வேலை கிட்டும் என்று கேட்டார். பேங்க் பரீட்சை எழுதலாம் என்று சொல்லிவைத்தேன்.

ஓணம் லீவு வருவதற்குள் அந்தப் பாடத்தின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வகுப்பில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு யார் மேலாவது ஒட்டிப் பார்ப்பேன். கண்டக்டர் காலேஜ் பெண்களிடம் ஒரு குரலிலும் கூடைக்காரிகளிடம் வேறு குரலிலும் பேசினால், ஆகா, இதுதான் அந்த அத்தியாயம் என்று மனம் துள்ளும். கடைக்கு வருகிறவர்களிடம், தேங்காய் உடைப்பது காரியம் நடந்த பிறகா, நடக்க வேண்டும் என்றா என்று விசாரித்து அப்பாவிடம் வசவு வாங்கினேன். டீச்சர் எடுப்பதற்கு முன்பே அடுத்த பாடத்தை வாசித்துவிட்டு, வகுப்பில் கையைத் தூக்கியபடியே உட்கார்ந்திருப்பேன். அந்தக் கையை ஒரு கொடிக்கம்பத்தில் கட்டிவைக்கலாம் என்று பக்கத்தில் இருந்த தோழி சொல்வாள்.

உறவுமுறை பற்றிய பாடம் வந்தபோதும் அந்தக் கைதான் முதலில் எழுந்தது.

முறைப்பெண், முறைமாப்பிள்ளை வழக்கம் கேரளத்திலும் இருந்ததுதான் என்று டீச்சர் சொன்னார். பிறகு, தாய்மாமனே அக்காள் மகளைக் கட்டுகிற வழக்கம் தமிழ்நாட்டுப் பக்கம் உண்டு என்றார். வகுப்பு முகம் சுளித்தது. மலையாளிகளுக்கு அம்மாவன், அதாவது தாய்மாமன், என்றால் குடும்பத்தில் அப்பாவுக்கும் ஒரு படி மேலே வைத்துப் பேசப்படுகிறவர். நான் எழுந்து, எங்கள் வீட்டிலேயே உண்டு டீச்சர் என்றேன். என் மலையாளத்தைக் கேட்டுப் பழகியிருந்த பாதிப் பேருக்கு நான் தமிழ்க்காரி என்பதே அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் சந்தோஷமாகச் சாக்பீஸை நீட்டினார்.

ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு. கரும்பலகையில் கடகடவென்று வரைந்தேன். பெரியம்மாவுக்கும் அவளுடைய தாய்மாமனுக்கும் ஒரு இரட்டைக் கோடு. அவர்கள் மகளுக்கும் என் பெரிய மாமாவுக்கும் இன்னொன்று. கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வலை பின்னின மாதிரி ஆகிவிட்டது. எனக்கோ பெருமை. இத்தனை சிக்கலான குடும்பம் இந்த வகுப்பில் வேறு யாருக்கு இருக்கிறது? கடைசியாக அம்மாவின் தம்பிக்கு ஒரு முக்கோணமும், அதற்குக் கீழே எனக்கு ஒரு வட்டமும் போட்டுவிட்டுச் சாக்பீஸை வைத்தேன்.

தோழி பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எடீ, எல்லாத்துக்கும் கோடு உண்டு. அது ரெண்டு மட்டும் எந்தா சும்மா நிக்குன்னது?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். திரும்பிப் பலகையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த முக்கோணத்திலிருந்து அந்த வட்டத்துக்கு ஒரு கோடு போட்டால் படம் முடிந்துவிடும். வேறு எங்கும் போட இடமில்லை.

அந்த மாமா எங்களோடுதான் இருந்தார். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, அப்பாவின் கடையில் நிற்க ஆரம்பித்தவர். நான் பெரியவளானபோது பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டியவரும் அவர்தான். கட்டிக்கப் போறவன் கட்டின குடிசை என்று யாரோ அத்தை கிண்டல் செய்ததும், எல்லோரும் சிரித்ததும் ஞாபகத்தில் இருந்தன. தமிழ் வீடுகளில் மாமனை வைத்துக் கிண்டல் செய்யாத நாள் உண்டா? வீட்டில் யாரும் ஒரு நாளும் அதை நிச்சயமாகச் சொன்னதில்லை. சொல்லாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பது எனக்குக் கரும்பலகை முன்னால்தான் தெரிந்தது.

அதோடு விட்டிருக்கலாம். டீச்சருக்கு என் படம் அத்தனை பிடித்துவிட்டது. இன்டர்னல் மார்க்குக்கான களப்பணியை உன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றார். டீச்சர் கேட்டு இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

ஒரு சனிக்கிழமை தோழியும் இன்னும் இரண்டு பேரும் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காலேஜிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று அம்மா பட்டுச்சேலைக்கு அடுத்த சேலையைக் கட்டிக்கொண்டாள். வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். கேள்விகளுக்கெல்லாம் தமிழும் மலையாளமும் கலந்து உற்சாகமாகப் பதில் சொன்னாள். கடைசியில் தோழி, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், மெதுவாகக் கேட்டாள். அப்போ இவளை யாருக்குக் கொடுப்பீர்கள் ஆன்ட்டி?

அம்மா ஒரு நொடி யோசித்தாள். அந்த நொடியில் அவளுக்கே அது இன்னும் முடிவாகவில்லை என்று எனக்குப் பட்டது. பிறகு படித்த பெண்கள் முன்னால் முழிக்கக்கூடாது என்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வீட்லயே மாப்பிள்ளைய வச்சுக்கிட்டு வெளிய தேடுவாங்களா மோளே? வார தைல வச்சிருக்கோம்."

தோழி எழுதிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அது அப்பாவுக்குப் போய், பக்கத்துப் பூக்கடைக்குப் போய், ஊருக்கு எஸ்.டி.டி. பூத் வழியாகவும் போய்விட்டது. காலேஜ்காரர்களிடமே சொல்லியாயிற்று, இனி மாற்ற முடியுமா என்றாள் அம்மா. எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. பாடப் புத்தகத்தைத் திறந்தால் அங்கேயும் என் வீடுதான் இருந்தது. மூடினால் அடுப்படியில் அம்மா சேலை நிறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

களப்பணி அத்தியாயத்தில் ஒரு வரி உண்டு. வீட்டில் ஒருவரை மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது, எல்லோரையும் கேட்க வேண்டும். மாமாவை யாரும் கேட்கவில்லை என்பது திங்கட்கிழமை வகுப்பில்தான் உறைத்தது. மதியமே கடைக்குப் போனேன். அப்பா சாப்பிடப் போயிருந்தார். மாமா ஒரு தேங்காயைக் காதோரம் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்குச் சம்மதமா மாமா?" என்றேன்.

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தேங்காயைக் கீழே வைத்தார்.

"என்னையும் கேக்குதியா? ஒன் கூட்டாளிமாரு எழுதிட்டுல்லா போயிட்டாளுவ."

"சொல்லுங்க."

"ஒன்னக் கையப் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துல கொண்டு விட்டவன் நான். எனக்கு எப்படி இருக்கும்?" சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஆனா அக்கா வீட்டுச் சோறு. அவ நெனச்சத வேண்டாம்னு சொல்லிட்டு எங்க போய் நிப்பேன்? படிப்பு முடியட்டும்னு வேணா சொல்லுதேன். அதுக்கு மேல என்னால முடியாது, கேட்டியா."

அவர் அம்மாவிடம் அப்படியே சொன்னார். மாப்பிள்ளையே படிப்பு முடியட்டும் என்று சொல்வதில் அம்மாவுக்குப் பெருமைகூட. தை மாதம் சத்தமில்லாமல் கடந்து போனது.

அதற்குப் பிறகு நான் முன்கூட்டிப் பாடம் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். புத்தகத்தில் மிச்சம் இருந்த பக்கங்களின் கனம் விரலுக்குத் தெரியும். கடைசி வருஷம் ஒரு ஸ்ட்ரைக் வந்து வகுப்பு தள்ளிப்போனபோது, இதுவரை எந்தக் கொடியும் பிடிக்காத நான் மனதுக்குள் முழக்கம் போட்டேன். பரீட்சையில் தோற்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். கை கேட்கவில்லை. கேள்வித்தாளைப் பார்த்ததும் தானாக எழுதித் தள்ளியது. முதல் வகுப்பு வந்தது. அம்மா கணபதிக்குத் தேங்காய் உடைத்தாள், எந்தக் காரியத்துக்கு என்று சொல்லவில்லை.

எம்.ஏ.வுக்கு அடுத்த வாரமே விண்ணப்பித்தேன். அந்தப் பாடத்தின் மேல் இருந்த ஆசையாலா, வெளியே வந்தால் பந்தல் நிற்கும் என்ற பயத்தாலா என்று என்னைக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. அந்த வகுப்பறை இப்போதும் எனக்குப் பிடிக்கும். அதை விட்டு வெளியே வரத்தான் முடியாது.

போன மாதம் கடையில் அப்பா இல்லாத நேரம் மாமா கேட்டார். அவர் தலையில் ஒன்றிரண்டு நரை தெரிய ஆரம்பித்துவிட்டது.

"இந்த எம்.ஏ. எப்ப தீரும்?"

"பங்குனில மாமா."

"அதுக்கு மேல படிப்பு உண்டா?"

"பி.எச்.டி. உண்டு."

"அது எத்தன வருஷம்?"

"அது படிக்கிறவங்களைப் பொறுத்தது. சிலருக்கு முடியவே முடியாது."

அவர் தேங்காய்க் குவியலில் சரிந்திருந்த ஒன்றை எடுத்து மேலே வைத்தார். அது நிற்கிறதா என்று கையை எடுக்காமல் பார்த்தார்.

"அப்ப அதுல சேரு," என்றார்.