அப்பா வெட்டிய ஆரஞ்சுக் கன்றுகள்

சீனப் புத்தாண்டுப் பெருநாள் முடிந்த கையோடு எங்கள் தாமான் குடியிருப்பில் குப்பைத்தொட்டி ஓரமெல்லாம் ஆரஞ்சுச் செடிகள் நிற்கும். சிவப்பு நாடாகூட அவிழ்க்காமல் சட்டியோடு கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். வாசலில் ராஜ மரியாதையோடு நின்றதெல்லாம் பெருநாள் வரைக்கும்தான். போன வருடம் பக்கத்து வீட்டு மோகன் அதில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறான், மீன் கழுவின தண்ணீரையும் விடுவதில்லை. நேற்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, வந்து பாருங்களேன், எப்படி வளந்திருக்குன்னு!"

போய்ப் பார்த்தேன். மேலே இருந்த செடி சுள்ளியாகக் காய்ந்து கிடக்கிறது. அடியிலிருந்து கிளம்பிய ஒரு போத்து, விரல் நீள முள்ளோடு, என் உயரத்துக்கு நிற்கிறது.

"தம்பி, ஆரஞ்சு செத்துப் போச்சு. நீ வளக்கிறது கீழ இருந்த முள்ளு மரம்."

"பச்சையாதானே லா இருக்கு, விடுங்கக்கா."

விடுவதாம்! எனக்கு வந்த எரிச்சலில் சட்டியைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். இலையைக் கிள்ளிக் கசக்கிப் பார்த்தேன். எலுமிச்சையும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு காரமான வாசனை. அதேதான். அந்த வாசனை எனக்கு ரெங்கத்தில் அப்பாவின் கெபுனில், அந்தப் பழத்தோட்டத்தில், நிற்கிற வாசனை. அவ்வளவுதான், சாயங்காலம் முழுக்க எனக்குத் தலைவலி.

எங்கள் அப்பா ஜொகூரில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டி, எங்களை வளர்த்தவர். தோட்டம் கைமாறி, ரப்பரைச் சாய்த்துச் செம்பனை போட்டபோது லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். கொடுத்த நஷ்ட ஈட்டை அப்பா அப்படியே கொண்டுபோய் ஒரு துண்டு நிலத்தில் போட்டார். அம்மாவுக்கு அதில் துளிகூட விருப்பமில்லை. சிங்கப்பூரில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, வாராவாரம் போன் பண்ணுவார்.

"மச்சான், ஜாகா வேல ரெடியா இருக்கு. யூனிபார்ம்லாம் குடுத்துருவாங்க. பேசாம வந்துருங்க."

"மொத காய்ப்பு வரட்டும்டா. சீனப் பெருநாளைக்குப் பழம் எறக்கலன்னா நானே வரேன்" என்பார் அப்பா.

ஆக, விஷயம் இதுதான். பழம் வந்தால் அப்பா தன் நிலத்தில் நிற்பார். வராவிட்டால் யார் வீட்டு வாசலிலோ ஜாகாவாக, காவல்காரராக, நிற்பார். வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும், கோழிக்குத்தான் சொல்லவில்லை.

கன்று வாங்கப் போனதே ஒரு கூத்து. குளுவாங் போகிற சாலையில் ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நர்சரி வைத்திருந்தார். அப்பா எல்லாவற்றிலும் ஒன்று கேட்டார். லங்காட் வேண்டும், லிமாவ் பாலி வேண்டும், பெட்டியில் வருகிற சீன மண்டரின் வேண்டும். இந்த வெயிலில் மண்டரின் பெட்டியில் மட்டும்தான் வரும் என்று தவுக்கே பொறுமையாகச் சொன்னார். கடைசியில் லிமாவ் மாடு என்று முடிவாயிற்று. சிரிக்காதீர்கள், மாடு என்றால் மலாயில் தேன், லிமாவ் என்றால் ஆரஞ்சு, எலுமிச்சை வகை.

கன்றைத் தூக்கிக் காட்டித் தவுக்கே மலாயில் விளக்கினார். இனிப்பு ஆரஞ்சைச் சொந்த வேரில் விட்டால் நம்ம ஊர் மழையில் வேர் அழுகிவிடும். அதனால் கீழே ஒரு முரட்டு எலுமிச்சை. ஈரம், அழுகல், எதற்கும் அசையாது, ஆனால் பழம் வாயில் வைக்க முடியாது. அதன் மேல் தேன் ஆரஞ்சின் ஒரு கண்ணை, துளிர் கிளம்பும் மொட்டை, ஒட்டி வளர்த்திருக்கிறார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே, தண்டில் முண்டு மாதிரி இருக்கிற இடம்தான் ஒட்டு. நான் லாரிக்காரனோடு பேசிக்கொண்டிருந்ததால் பாதிதான் கேட்டேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்பா தலையை ஆட்டினால் கேட்கவில்லை என்று அர்த்தம். இது அம்மாவுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

நட்டோம். வெயில் தூக்கி அடித்தது. மேலே இருந்த தளிர் சோம்பிக்கொண்டு நின்றது. அடியிலிருந்து மட்டும் கொழுகொழுவென்று போத்து கிளம்பியது. அப்போது நான் குளுவாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் ஷிப்டு வேலை. ஒரு நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தால், அம்மா சமையல்கட்டிலிருந்தே கத்தினார்.

"போ, ஒங்கப்பா பண்ணி வச்சிருக்கிற வேலையப் போயிப் பாரு!"

போய்ப் பார்த்தேன். கெபுன் முழுக்க மொட்டை. ஒரு கன்று பாக்கியில்லாமல், தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, மேலே இருந்ததை எல்லாம் அறுத்துத் தள்ளியிருந்தார். வெட்டுப்பட்ட தலைகள் குவியலாகக் கிடந்தன. அப்பா ரம்பத்தைத் துடைத்துக்கொண்டு ரொம்பத் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது?"

"தவுக்கே மறந்துட்டான்மா. கண்ணு ஒட்டுனா மேல் தலைய வெட்டணும்லா? அப்பத்தான ஒட்டுன கண்ணு கெளம்பும். ரப்பர் கன்னுல நான் வெட்டாத தலையா?"

ரப்பரில் அவர் சொன்னது அத்தனையும் சரி. அங்கே கண்ணை ஒட்டுவது தரையோரம். கண் பிடித்ததும் அதற்கு மேல் இருக்கிற பழைய தலையை வெட்டிவிடுவார்கள். கீழிருந்து வருகிற துளிர்தான் நல்ல சாதி, மேலே இருந்ததுதான் வேண்டாதது. ஆனால் இங்கே தவுக்கே தலையை எப்போதோ வெட்டி, ஒட்டிய கண்ணை வளர்த்துத்தான் விற்றிருந்தார். மேலே நின்றதுதான் ஆரஞ்சு. அப்பா அந்த முண்டை ஏதோ சீக்கு என்று நினைத்து, அதோடு சேர்த்து அறுத்துவிட்டார்! இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ரம்பத்தைக் குளத்தில் எறிந்திருப்பேன்.

பிறகு வளர்ந்தது பாருங்கள், அடடா! ரெங்கத்தில் அப்படி ஒரு கெபுன் கிடையாது. கரும்பச்சை இலை, கை பருமனில் தண்டு. போகிற வருகிறவன் எல்லாம் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பார்த்தான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் கெபுனுக்கே போவார். முள் குத்தினால்கூட, "நல்ல சாதிக்கு முள்ளு இருக்கத்தான் செய்யும்" என்பார். நானும் லேசுப்பட்டவள் இல்லை. பேக்டரியில் என் லைனில் வேலை பார்த்த அத்தனை பேருக்கும் பெருநாளுக்கு ஆரஞ்சு தருவதாகச் சொல்லிவைத்திருந்தேன். ஒருத்தி மாமியாருக்கும் சேர்த்துக் கேட்டாள், அதற்கும் சரி என்றேன்.

காய்த்தது. பச்சையாக, சொரசொரவென்று. நம்ம ஊரில் குளிர் இல்லாததால் ஆரஞ்சு பழுத்தாலும் பச்சையாகவே இருக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நான் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். முதல் சுளையை என்னோடு வேலை பார்த்த ரொஹானி வாயில் போட்டாள். கண் இரண்டும் மூடிக்கொண்டது.

"அலமாக்! இது பழமா, சுக்காவா?" என்றாள். சுக்கா என்றால் வினிகர். அதற்கப்புறம் அந்த லைனில் எனக்கு அதுதான் பெயர்.

வீட்டில் வந்து சொன்னால் அப்பா ஒத்துக்கொண்டாரா? அதுதான் இல்லை. மண் புளிப்பு என்றார், சுண்ணாம்பு போட்டார். மழை ஜாஸ்தி என்றார், கால்வாய் வெட்டினார். மொத காய்ப்பு அப்படித்தான் என்றார். வெல்லத் தண்ணீர் ஊற்றினார் என்று சொன்னால் நம்புவீர்களா? ஊற்றினார். எறும்புதான் வந்தது. அம்மா அந்தக் காயை அறுத்து உப்பில் ஊறப்போட்டு ஊறுகாய் செய்ய ஆரம்பித்தார். எனக்கோ இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கத்த வேண்டும்போல இருந்தது.

பெருநாள் நெருங்கியது. என்னால் பொறுக்க முடியவில்லை, போய்த் தவுக்கேயைக் கையோடு கூட்டி வந்தேன். அவர் கெபுனுக்குள் நாலு எட்டு வைத்தார். குனிந்து ஒரு மரத்தின் அடியைத் தடவினார். அடுத்த மரத்தையும் தடவினார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"ஐயோ, அண்ணே... யாங் அத்தாஸ் தூ லா மானிஸ்!"

மேலே இருந்ததுதான் இனிப்பு. மலாய் தெரியாத ஆளுக்கும் அந்த முகத்தைப் பார்த்தால் விளங்கியிருக்கும். அப்பா தவுக்கேயைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி குடிக்கிறீங்களா தவுக்கே?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். அன்றைக்குச் சாயங்காலம் மாமாவுக்குப் போன் போட்டதும் அவர்தான்.

அப்பா திங்கட்கிழமை ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போனால் சனிக்கிழமைதான் வருவார். ஒரு பெரிய அடுக்குமாடியின் கேட்டில் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டை மாதிரி விறைப்பாக ஒரு யூனிபார்ம். போகும்போது அந்தக் காயில் போட்ட ஊறுகாயை அம்மா ஒரு போத்தலில் கட்டித் தருவார், அவரும் மறுக்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வார். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு தடவை பஸ் நிலையத்தில் அடக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

"ஏம்பா, வெட்டறதுக்கு முன்னாடி தவுக்கேகிட்ட ஒரு வார்த்த கேட்டா என்னப்பா? ஒரே ஒரு வார்த்த!"

அப்பா கோபப்படவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"பொறந்ததுலேருந்து கேட்டுக் கேட்டுத்தாம்மா மரத்தத் தொட்டேன். தோட்டத்துல மண்டோர கேக்கணும், ஆபீஸ் கிராணிய கேக்கணும், தொரைய கேக்கணும். இது என் மரம். இதுக்கும் ஒருத்தன்கிட்டப் போயி கேக்கணுமான்னு இருந்துச்சு."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

இப்போது அந்த நிலத்தில் வரிசை வீடுகள். எங்கள் கிணறு எந்த வீட்டுக்கு அடியில் என்றுகூட என்னால் சொல்ல முடியாது. குளுவாங் சாலையில் நர்சரி இருந்த இடத்தில் டயர்க் கடை. தவுக்கே இல்லை, அம்மா இல்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஜாகா வேலையில் இருந்தபோதே நிலம் விலைபேசி முடிந்து, மரங்களைப் பிடுங்க மிஷின் வரப்போகிற நாள் தெரிந்ததும், அப்பா சிங்கப்பூரில் சூப்பர்வைசரிடம் போய் நின்று அன்றைக்கு ஒரு நாள் மட்டும் லீவு கேட்டார். ஆள் பற்றாக்குறை, கிடையாது என்றுவிட்டார்கள்.