உயிரோடிருந்தவரின் விடைப்பாட்டு

திஸ்ஸா ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சிற்றூரில் ஓர்மோஷ் எதெல்கா என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். தேவாலயப் பாடகரின் மகள் என்றால்தான் புரியும். படிப்பு முடிந்ததிலிருந்து அப்பாவுக்குச் சமைத்துப் போட்டாள். மீதி நேரத்தில் புடாபெஸ்ட் பத்திரிகைகளுக்குக் கவிதை அனுப்பினாள். கவிதைகளில் கடல் வரும், கப்பல் வரும். அவள் ஆற்றைத் தவிர வேறு தண்ணீரைக் கண்டதில்லை. கவிதைகள் போன சுருக்கில் திரும்பி வந்தன.

அந்த ஊர்ப் பக்கம் ஒருவரை அடக்கம் செய்யும்போது, இறந்தவரே பேசுவதுபோல் ஒரு பாட்டுப் பாடி, சொந்தபந்தம் ஒவ்வொருவரிடமும் பேர் சொல்லி விடைபெறுவார்கள். எழுதுவதும் பாடுவதும் பாடகரின் வேலை. ஒரு மாசி மாதம் ஆலைக்காரரின் மனைவி காலமானபோது பாடகர் காய்ச்சலில் கிடந்தார். பாட்டை எதெல்காதான் எழுதினாள். கன்னத்தில் கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு, காய்ச்சலோடேயே அவர் கல்லறையில் நின்று பாடினார்:

*ஊறுகாய் ஜாடியை இப்போதே திறக்காதே,*
*உப்பு இன்னும் இறங்கவில்லை, என் ராசா.*

ஆலைக்காரர் விம்மி விம்மி அழுதார். நடுவிலேயே சிரித்தும் விட்டார். ஊரும் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பாடகர் சொன்னார்: "நான் எழுதுற மாதிரி இல்லியே, கண்ணு."

"நல்லா இல்லியாப்பா?"

"நான் எழுதினா அழ மட்டுந்தான் செய்வாங்க. இனிமே நீயே எழுது. பேரு மட்டும் என்னுதா இருக்கட்டும்."

அது மூன்று நாள் கூட ரகசியமாக இருக்கவில்லை. "ஐயா இப்பல்லாம் பிரமாதமா எழுதுறாரு" என்று பாடகரிடம் சொல்லிவிட்டு எதெல்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினார்கள்.

அடுத்த கோடையில் வெங்காய விவசாயி சோன்கா காஷ்பார் குதிரை வண்டி கட்டிக்கொண்டு வந்தார். முறுக்கு மீசை, நெஞ்சில் கொஞ்சம் இழுப்பு.

"ஒரு விடைப்பாட்டு வேணும்மா."

"ஐயையோ, வீட்ல யாரு?"

"யாரும் போகல. எனக்குத்தான். செத்தப்புறம் பாடினா எனக்கு எப்படிக் கேக்கும்? நீங்க என்னப் பத்தி என்ன சொல்லப் போறீங்கன்னு நான் தெரிஞ்சுக்க வேணாமா?"

எதெல்காவுக்கு மறுக்கத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன் குழம்பும் பிளம் சாராயமும் முடிந்த பிறகு, காஷ்பார் வீட்டு முற்றத்தில் அப்பாவும் மகளுமாகப் போய் உட்கார்ந்தார்கள். மனைவி ரொஸாலியா, மகள், மருமகன் இம்ரெ எல்லோரும் கறுப்பு உடுப்பில் வரிசையாக இருந்தார்கள். பாடகர் பாடி முடித்தார். காஷ்பார் மட்டும்தான் கண்ணைத் துடைத்தார்.

"பாட்டுல எனக்கு ஒரு கண்ணி. குதிரைக்கு மூணா?" என்று ஆரம்பித்தாள் ரொஸாலியா.

"குதிர எதிர்த்துப் பேசாது."

"அப்ப அதுவே சவப்பெட்டிக்குப் பின்னால அழுதுகிட்டு வரட்டும். நான் வீட்ல இருக்கேன்."

"என் பேரே வரலியே, மாமா" என்றான் இம்ரெ.

"சீட்டுல தோத்தா ரெண்டு நாளு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறல்ல, செத்தவன் உன்கிட்ட எதுக்கு வந்து மாட்டணும்?"

முற்றம் சந்தைக்கடை ஆயிற்று. எதெல்கா பென்சிலை எடுத்துக்கொண்டு ரொஸாலியாவின் பக்கம் போய் அமர்ந்தாள். "மாமிக்கு என்ன சொல்லணும்னு சொல்லுங்க, மாமா. திருத்திடலாம்."

காஷ்பார் மீசையை நீவினார்.

"கோயில்ல இவ பாடுறது சுருதியே சேராது. பக்கத்துல இருக்கறவங்க சிரிச்சுடக் கூடாதேன்னுதான், கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் தொண்ட கிழியக் கத்துறேன். அத எழுதும்மா."

"பாவி மனுஷா," என்றார் பாடகர். "உன் கத்தலால இத்தன வருஷமா என் பாட்டு கெட்டுப்போச்சுய்யா. ஒன்ன எத்தன தடவ திட்டியிருக்கேன்."

"திட்டு வாங்கினது நான்தானே. அவ இல்லியே."

ரொஸாலியா எழுந்து அடுக்களைக்குப் போனாள். அவள் திரும்பி வரச் சற்று நேரமாயிற்று. வந்தவள் காஷ்பார் தட்டில் ஒரு பெரிய பாலாடைக்கட்டி அப்பத்தை வைத்தாள். "குதிர பாட்டு அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அன்று வீடு திரும்பிய எதெல்கா கடலைப் பற்றி எழுதவில்லை. அந்த முற்றத்தை, பேர்களை மட்டும் மாற்றி, கதையாக எழுதினாள். பத்திரிகை ஒன்று அதை அச்சிட்டது. இன்னும் அனுப்பச் சொன்னது. மூன்று வருஷத்தில் அவள் சொந்தப் பேரிலேயே ஒரு புத்தகம் வந்தது. ஊரில் ஆளுக்கு ஒன்று வாங்கித் தங்களைத் தேடினார்கள். கண்டுபிடித்தவர்கள் இரண்டு நாள் கோபித்துக்கொண்டார்கள். அகப்படாதவர்கள் இன்றுவரை கோபமாக இருக்கிறார்கள்.

தலைநகரான புடாபெஸ்டில் ஒரு பத்திரிகை வேலை கொடுத்தது. ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தாள். அங்கே எழுத்தாளர்கள் காப்பிக் கடையில் மற்ற எழுத்தாளர்களைப் பற்றியே பேசினார்கள். பனி உருகியதும் ரயிலேறிவிட்டாள். "அங்க யாரும் என்கூடச் சண்ட போட மாட்டேங்குறாங்கப்பா" என்றாள். பாடகர் பெட்டியை வாங்கிக்கொண்டு விசிலடித்தபடி நடந்தார்.

காஷ்பார் சாகவில்லை. சண்டை போட்டதிலேயே நெஞ்சு தெளிந்துவிட்டது என்று ரொஸாலியா சொல்வாள். ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் அவர் திருத்தம் கேட்டு வந்தார்: பேரன் பிறந்திருக்கிறான், இம்ரெ சீட்டை விட்டுவிட்டான் என்று. பாட்டு நீண்டுகொண்டே போயிற்று.

ஒருநாள் காலை பாதிரியார் தாமே வந்து கதவைத் தட்டினார். உயிரோடிருப்பவனுக்கு விடைப்பாட்டு எழுதுவது தெய்வகுற்றம் என்று பிரசங்கத்தில் சொன்ன மனிதர். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"எனக்கும் ஒண்ணு வேணும், எதெல்கா. சுருக்கமா இருந்தாப் போதும். எனக்குன்னு விடைபெற யாரு இருக்கா."

"உக்காருங்க ஐயா. ஒருத்தர் பேராவது சொல்லுங்க."

அவர் ஒரு பேரைச் சொன்னார். அதைத் தொட்டு இன்னொன்று. எதெல்கா அடுப்பில் இரண்டாவது முறை காப்பியை ஏற்றும்போதும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.