மறைக்கத் தெரியாத பாக்டீரியா

இந்த ஊரில் யாரையும் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டுவிடக் கூடாது. உண்மையைச் சொல்லிவிடுவார்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம், ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரி காத்ரினிடம் ஒரு மரியாதைக்குக் கேட்டுவைத்தேன். முதுகுவலி, அண்ணனோடு சண்டை, மூன்று நாளாகத் தூக்கமில்லை என்று காபி ஆறும்வரை சொன்னாள். மதுரையில் இதற்கு நமக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான்: நல்லா இருக்கேன்.

எங்கள் வேலையும் ஒருவகை நலம் விசாரிப்புதான். இரும்புச்சத்து குறைந்தால் பாக்டீரியாவின் சில மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். வெளியே தெரியாது. அதனால் அவற்றை முடுக்கும் பகுதியோடு, ஜெல்லிமீனிலிருந்து எடுத்த ஒளிரும் மரபணுவை இணைத்துவிடுகிறோம். பட்டினி கிடந்தால் பச்சையாக ஒளிரும். ரிப்போர்ட்டர் என்று பெயர். எதையும் மறைக்கத் தெரியாத ஜீவன்.

மதுரை ஆனையூரில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்கு மறைக்க மட்டும்தான் தெரியும். போன வருடம் ஒருநாள் நான் பேசியபோது பின்னால் ஒரே இரைச்சல். “திருப்பரங்குன்றத்துல இருக்கோம்த்தா, கோயில்ல அம்புட்டுக் கூட்டம்” என்றார் அப்பா. அது ஆஸ்பத்திரி வராந்தா. அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்ததைத் தையல் பிரித்த பிறகுதான் சொன்னார்கள். கத்தித் தீர்த்தேன். “சொல்லியிருந்தா அங்க தனியா கெடந்து தவிச்சிருப்ப” என்றாள் அம்மா. தவிக்கவாவது விட்டிருக்கலாம். மகள் என்று எதற்கு இருக்கிறேன்?

அப்பாவுக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை முடிக்கும்போது “எப்பத்தா வாரே?” என்பார். நாலு வருடமாக ஒரு வாரம் தவறியதில்லை. சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். போன ஞாயிறு கேட்கவில்லை. “வேலையப் பாருத்தா. எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்” என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் காத்ரினிடம் போய், அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகிறேன், இரண்டு வாரம் என் பாக்டீரியாக்களைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன்.

“அப்பாவுக்கு என்ன?”

“நன்றாக இருப்பதாகச் சொன்னார்.”

“நல்லதுதானே, பிறகு ஏன் போகிறாய்?”

“அப்படிச் சொன்னதால்தான்.”

என் ஜெர்மன்தான் பிசகிவிட்டது என்று நினைத்து, அதே கேள்வியை மெதுவாக இன்னொரு முறை கேட்டாள். பிறகு தலையாட்டி, என் ஆய்வக அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

டிக்கெட் எடுத்த கையோடு வீட்டுக்குப் பேசினேன். “வெள்ளிக்கிழமை வாரேன்ப்பா.”

“எதுக்குத்தா இம்புட்டுத் தூரம்…” என்றவருக்கு மூச்சு வாங்கியது. “ஒண்ணுமில்ல, மாடிப்படி ஏறுனேன்” என்றார். எங்கள் வீட்டில் மாடி கிடையாது.

பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “திரும்ப எப்பத்தா போறே?”

திரும்பிப் போகும் தேதி டிக்கெட்டிலேயே அச்சாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, “இன்னும் முடிவு பண்ணலப்பா” என்றேன்.